வாசகர் கேள்வி பதில்: அடிபட்ட வீரரின் சீட்டு யார் கையில்?

இந்த இதழின் கேள்விகள் விளையாட்டு அணி நடத்துகிறவர்களிடமிருந்தும், அவர்களைச் சுற்றி இருப்பவர்களிடமிருந்தும் வந்தவை. கம்பெனிகளில் ‘பிசினஸ் பிராசஸ் மேனேஜ்மென்ட்’ என்று சொல்லும் செயல்முறை மேலாண்மையை, சுருக்கமாக பி.பி.எம்., வீரர்களை நிர்வகிக்கும் வேலைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதே எல்லோருடைய கேள்வியும். கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமிருந்தும் எழுதியிருக்கிறார்கள். ஊரை மட்டும் போட்டு, பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: எங்கள் கபடி அணியில் 22 பேர். இரண்டு மூன்று பையன்கள் தொழில்முறை லீக் தேர்வு முகாம்களுக்குப் போய் வருகிறவர்கள். ஒரு கோச், வாரத்தில் மூன்று மாலை வரும் பிசியோ, மேனேஜராக நான். ஒருவனுக்குப் பின்தொடையில் இழுத்துக்கொண்டால் எப்போது திரும்ப மேட்டில் இறங்குவான் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. பி.பி.எம். எங்களைப் போன்ற சின்ன அணிக்கு உதவுமா? (கடலூர் முதுநகர்)

உதவும். பெரிய அணியைவிடச் சின்ன அணிக்குத்தான் கூடுதலாக உதவும். உங்களிடம் ஒரு ஆள் வராவிட்டால் ஒரு வேலையே நின்றுபோகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். திங்கள் மாலை ரெய்டருக்குப் பின்தொடையில் சுளீரென்று பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிசியோ பார்க்க 40 நிமிடம், டாக்டர் பார்க்க 20, ஸ்கேன் எடுக்க 45, ரிப்போர்ட்டை வைத்துப் பேச 15, மீள்வதற்கான பயிற்சித் திட்டம் எழுத 30. எல்லாம் கூட்டினால் இரண்டரை மணி நேரம். ஆனால் திட்டம் கையில் வரும்போது சனிக்கிழமை மாலை ஆகிவிடுகிறது. ஓடிய 120 மணி நேரத்தில் வேலை நடந்தது நூற்றுக்கு இரண்டு பங்குதான். மிச்சமெல்லாம் காத்திருப்பு. பையன் வலியைச் சொல்லத் தயங்கியது ஒரு நாள், பிசியோ வராதது ஒரு நாள், டாக்டரிடம் டோக்கன் போட யார் போவது என்று தெரியாமல் ஒரு நாள், ரிப்போர்ட் யார் வீட்டில் இருக்கிறது என்று தேடியது ஒரு நாள். இதில் யாரும் சோம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் இடத்தில் வேலை தங்கிவிட்டது. அந்தக் கைமாற்றங்களைச் சீர்செய்வதுதான் பி.பி.எம். வேலை, வீரரையோ கோச்சையோ அது மாற்ற வருவதில்லை.

ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் யார் கொடுக்க வேண்டும், எத்தனை மணிக்குள், அவர் இல்லாத நாளில் யார் என்ற மூன்றையும் எழுதிவையுங்கள். முதல் இரண்டையும் எல்லோரும் எழுதுவார்கள், மூன்றாவதை விட்டுவிடுவார்கள். அணி தடுக்கி விழுவது அங்கேதான்.

உங்கள் அணிக்கு இப்படித் தொடங்கலாம். வலி இருந்தால் வீரர் அன்றிரவு 8 மணிக்குள் பிசியோவுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும். கோச் வழியாகச் சொல்லும்படி வைக்காதீர்கள். ஆடும் ஏழு பேரில் இடம் போய்விடும் என்ற பயத்தில் பையன் வாயே திறக்க மாட்டான். பிசியோ 24 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். அது அவர் வராத நாள் என்றால் வீடியோ காலில் பார்க்க வேண்டும். முழங்காலிலோ கணுக்காலிலோ அடிபட்டு, காலை ஊன்றி நான்கு அடி வைக்க முடியவில்லை என்றால் பிசியோவுக்குக் காத்திருக்காமல் நேரே எக்ஸ்ரே. இது கோச், மேனேஜர், சக வீரர் என்று யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய முடிவு என்று எழுதிவிடுங்கள்.

பார்த்தவுடன் பிசியோ வீரருக்கு ஒரு நிலை கொடுக்க வேண்டும்: முழுப் பயிற்சி, அளவான பயிற்சி, தனிப் பயிற்சி, ஓய்வு. இந்த நான்கில் ஒன்று, 22 பேருக்கும், தினமும் மாலை 4 மணிக்குப் பலகையில் இருக்க வேண்டும். இதில் ஒரே ஒரு விதியை மட்டும் எந்த ஃபைனலுக்காகவும் தளர்த்தாதீர்கள். நிலையைக் கீழே இறக்க யார் வேண்டுமானாலும் இறக்கலாம். மேலே ஏற்ற பிசியோ மட்டுமே கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு முக்கியமான ஆட்டம் என்று கோச் நெருக்கும்போது பிசியோவுக்குப் பின்னால் நிற்பது இந்த ஒரு வரிதான்.

திரும்ப இறக்குவதற்கும் ஓர் அட்டவணை வேண்டும். பின்தொடைத் தசை என்றால், அழுத்தினால் வலி இருக்கக்கூடாது. காலை நீட்டும் அளவு மறுகாலுக்குச் சமமாக இருக்க வேண்டும். பலம் மறுகாலில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. முழு வேக ஓட்டம் இரண்டு நாள், முழுப் பயிற்சி இரண்டு நாள் வலியில்லாமல் முடிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ வந்தால் ஆட்டம். முழங்கால் முன் ஜவ்வு கிழிந்து ஏ.சி.எல். அறுவை செய்தவருக்கு இவற்றோடு காலமும் சேரும். குறைந்தது 9 மாதம். அதற்கு முன் இறங்கியவர்களுக்கு முழங்கால் மறுபடி காயப்படுவது அதிகம் என்று ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன.

அளப்பதற்கு மூன்று எண் போதும். அடிபட்டதிலிருந்து முதல் பரிசோதனை வரை எத்தனை மணி நேரம். முழுப் பயிற்சிக்குத் திரும்ப எத்தனை நாள். திரும்பிய இரண்டு மாதத்துக்குள் அதே இடத்தில் மறுபடி காயமானவர் எத்தனை பேர். மூன்றாவது எண்ணை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் துரத்தினால், நாள் குறைய வேண்டும் என்பதற்காகவே பையன்களை முன்கூட்டி இறக்குவீர்கள்.

கேள்வி: செயல்முறைப் படம் வரைவதற்கென்று குறியீடுகள் இருக்கின்றன என்கிறார்கள். அதற்கு மென்பொருள் வாங்க வேண்டுமா? (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

வேண்டாம். ஒரு சார்ட் பேப்பர், ஒட்டும் சீட்டு, பென்சில் போதும். கணினியில்தான் வேண்டும் என்றால் டிரா.ஐஓ என்ற படம் வரையும் தளம் இலவசம்.

குறியீட்டு முறைக்குப் பெயர் பி.பி.எம்.என். ஓ.எம்.ஜி. என்ற அமைப்பு 2011-ல் இதன் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. 2013-ல் அது ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. முழு நூலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் உங்களுக்குத் தேவை ஐந்து குறிதான். மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம், தடித்த வட்டம் முடிவு. மூலை வளைந்த கட்டம் ஒரு வேலை. வைரக் கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டால் ‘இதுவா அதுவா’ என்று பிரியும் இடம். கூட்டல் குறி போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் இடம். இரட்டைக் கோட்டு வட்டத்துக்குள் கடிகாரம் போட்டால் காத்திருப்பு அல்லது கெடு. கடைசியாக நீச்சல்குளத்தில் இருப்பதுபோல் நீளவாக்கில் தடங்கள்: வீரர், கோச், பிசியோ, டாக்டர், மேனேஜர் என்று ஆளுக்கு ஒன்று.

அம்பு ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டு எண்ணுங்கள். அவைதான் கைமாற்றங்கள். படத்தில் பார்க்க வேண்டியதும் முதலில் அதையே.

வரையும்போது எல்லோரும் செய்யும் தவறு, நடப்பதை விட்டு நடக்க வேண்டியதை வரைவது. கோச் முன்னால் உட்கார்ந்திருக்க யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். அதனால் வீரர்களிடம் தனியே கேட்டுவிட்டு, பிறகு எல்லோரையும் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்து வரையுங்கள். வரைந்து முடித்ததும் கடைசியாக உண்மையில் நடந்த மூன்று காயங்களை எடுத்து, படத்தின் மேல் விரல் வைத்து நடத்திப் பாருங்கள். மூன்றில் ஒன்றாவது படத்தை விட்டு வெளியே ஓடினால் படம் தப்பு. இருபது கட்டத்துக்கு மேல் போனால் இரண்டு படமாகப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: முப்பது வருஷமாகப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். ஒருத்தன் ஓடி வரும்போதே அவன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கட்டம் போட்டு, அம்பு போட்டு வீரனை வளர்க்க அவன் என்ன தொழிற்சாலைச் சரக்கா? (நெல்லிக்குப்பம்)

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. வீரரைக் கன்வேயர் பெல்ட்டில் ஏற்றுகிற மாதிரி நடந்துகொண்ட அணிகள் கெட்டுத்தான் போயிருக்கின்றன. இரண்டு பேருக்கு ஒரே தசையில் ஒரே அளவு கிழிசல் இருந்தாலும் ஒருவர் மூன்று வாரத்தில் வருவார், இன்னொருவர் ஆறு வாரம் எடுப்பார். செயல்முறைத் துறையிலேயே இதற்குத் தனி வழி இருக்கிறது. அடுத்த படி என்ன என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும் என்ற வேலைகளை அவர்கள் ‘கேஸ்’ என்று பிரிக்கிறார்கள். அதில் வரிசை கிடையாது. இலக்கும், எட்ட வேண்டிய மைல்கற்களும், செய்யலாகும் வேலைகளின் பட்டியலும் மட்டும் இருக்கும். எதை எப்போது செய்வது என்பது அனுபவசாலியின் கையில்.

முதுநகர்த் துறைமுகத்தில் எந்தக் கடலில் வலை இறக்குவது என்பது விசைப்படகு ஓட்டுகிறவரின் கணிப்பு. அதில் யாரும் தலையிட முடியாது. டீசல், ஐஸ், வயர்லெஸ் மூன்றும் படகில் ஏறியதா என்பதை அவர் கணிப்புக்கு விடுவதில்லை. அணியிலும் அப்படியே. யாருக்கு என்ன பயிற்சி, எப்போது ஓய்வு, யாரைத் தட்டிக்கொடுப்பது, யாரை அதட்டுவது, எல்லாம் உங்கள் கண் சொல்வதுதான். ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததா, மருந்து சரிபார்த்தாயிற்றா, வெளியூர் ஆட்டத்துக்கு வயதுச் சான்றிதழ் பையில் இருக்கிறதா என்பவற்றை மட்டும் கட்டத்தில் அடையுங்கள். உங்கள் தலைக்குள் இவ்வளவு காலம் சுமந்த சில்லறை வேலைகளை இறக்கிவைத்தால், பையன் ஓடி வருவதைப் பார்க்க இன்னும் நேரம் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கண்ணுக்குத் தெரிவது பிசியோவுக்குத் தெரியாது. “இன்று வலது காலைக் கொஞ்சம் காப்பாற்றி ஓடுகிறான்” என்று நீங்கள் நினைத்ததை எழுத ஒரு வரி ஒதுக்கச் சொல்லுங்கள். அணியின் தகவல்களில் அதைவிட விலை உயர்ந்தது இல்லை.

கேள்வி: சளிக்கு மெடிக்கலில் வாங்கிய சிரப்பால்கூட ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வார்களாமே? இருப்பிடம் சொல்ல வேண்டும் என்றும் ஏதோ விதி இருக்கிறதாம். அணி என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? (திருப்பாதிரிப்புலியூர்)

மாட்டிக்கொள்வார்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் பல இருமல் சிரப்புகளில் மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்பியூட்டலின் என்ற மருந்து இருக்கிறது. சிலவற்றில் சால்பியூட்டமால் அல்லது லீவோசால்பியூட்டமால். டெர்பியூட்டலின் எந்த வடிவிலும் எல்லா நாளும் தடை. சால்பியூட்டமாலை இன்ஹேலரில் எடுக்கலாம். 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம் வரை. அதையே சிரப்பாகக் குடித்தால் தடை. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் இருக்கிறது. ‘போட்டிக் காலம்’ என்பது ஆட்டத்துக்கு முந்தின இரவு 11.59-க்கே தொடங்கிவிடும். எடைக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை போடும் பழக்கம் கபடியில் உண்டு. புரோ கபடி போன்ற 85 கிலோ வரம்புள்ள ஆட்டங்களுக்கு முன்னால் ஃபுரோசமைடு போட்டுவிட்டு, அதையும் தடைப்பட்டியலில் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள். ஃபுரோசமைடு போன்ற சிறுநீர்ப் பெருக்கிகள் எப்போதும் தடை.

உடலில் இருந்தால் வீரரே பொறுப்பு என்பதுதான் இந்தச் சட்டத்தின் அடிப்படை. டாக்டர் எழுதினார், மெடிக்கலில் கொடுத்தார், அம்மா வாங்கி வந்தார் என்பது தண்டனையின் அளவைப் பேசும்போது உதவலாம். குற்றமே இல்லை என்று ஆக்காது.

எனவே இது கண்டிப்பாகக் கட்டத்தில் அடைபட வேண்டிய வேலை. எந்த மருந்தானாலும் வாங்கும் முன், அட்டையின் பின்பக்கத்தில் உள்ள மூலப்பொருள் பெயர்கள் தெரியும்படி படம் எடுத்து பிசியோவுக்கு அனுப்ப வேண்டும். பிராண்டு பெயரை வைத்துச் சரிபார்க்கக் கூடாது. ஒரே பிராண்டில் ஒரு எழுத்து மாறினால் உள்ளே இருக்கும் மருந்தே மாறிவிடும். பிசியோ அந்த ஆண்டின் தடைப்பட்டியலில் பார்த்து எழுத்தில் பதில் தர வேண்டும். பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-லும் புதிதாகிறது, அதனால் போன வருஷப் பதில் செல்லாது. பதில் வரவில்லை என்றால் மருந்தைத் தொடக்கூடாது. நீராவி, வெந்நீர், ஓய்வு என்று ஓட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ விபத்தோ என்றால் இதெல்லாம் கிடையாது. முதலில் சிகிச்சை, பிறகு காகிதம். அவசர சிகிச்சைக்குப் பின்தேதியிட்டு விலக்குக் கேட்க விதியில் இடமுண்டு. அவசரமில்லாத, போட்டியின்போது மட்டும் தடையான மருந்துக்கு டி.யு.ஈ. என்னும் சிகிச்சை விலக்கு வேண்டுமென்றால் போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் விண்ணப்பியுங்கள். புரதப் பொடி டப்பாவானால் பேட்ச் எண்ணைக் குறித்து, ரசீதோடு கொஞ்சம் பொடியையும் எடுத்துவையுங்கள்.

இருப்பிடத் தகவல் எல்லா வீரருக்கும் இல்லை. சோதனைக்கான பதிவுப் பட்டியலில் சேர்த்திருப்பதாக தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான ‘நாடா’வோ சர்வதேசக் கூட்டமைப்போ எழுத்தில் தெரிவித்தவர்களுக்கு மட்டும். அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆடம்ஸ் என்ற தளத்தில், ஒவ்வொரு நாளும் எங்கே தங்குவார், எங்கே பயிற்சி என்பதோடு, காலை 5 முதல் இரவு 11 மணிக்குள் உறுதியாகக் கிடைக்கும் ஒரு 60 நிமிட நேரத்தையும் தர வேண்டும். 12 மாதத்தில் மூன்று தவறு, அதாவது அந்த நேரத்தில் ஆள் இல்லாமையோ தகவல் தராமையோ சேர்ந்து மூன்று, ஆனால் அதுவே விதிமீறல். வழக்கமான தண்டனை இரண்டு ஆண்டு. தவறின் அளவைப் பொறுத்து ஓராண்டு வரை குறையலாம்.

தவறு நடப்பது பெரும்பாலும் கள்ளத்தனத்தால் அல்ல, பயணம் மாறியதால். கடலூரிலிருந்து கிளம்ப வேண்டிய அணி மழையால் ஒரு நாள் தங்கிவிடுகிறது. வீரர் நாளைய ஓட்டல் முகவரியைக் கொடுத்திருக்கிறார். ஆகவே பயணத் திட்டத்தை மாற்றும் கட்டத்திலிருந்தே ஓர் அம்பு இருப்பிடக் கட்டத்துக்குப் போக வேண்டும். டிக்கெட்டை மாற்றுகிற மேனேஜர், டிக்கெட்டை அனுப்பும் அதே செய்தியில் ‘ஆடம்ஸில் மாற்றினாயா’ என்று கேட்டு, மாற்றிய திரையின் படத்தை வாங்கிக்கொண்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நம் கரையில் இது வாரம் ஒருமுறைகூட நேரலாம். அந்த 60 நிமிடத்தைக் காலை 5.30 - 6.30 என்று தூங்கி எழும் இடத்திலேயே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கேள்வி: பெண்கள் கால்பந்து அணியில் பயிற்சிப் பளுவை எண்ணாகக் குறிக்கச் சொல்கிறார்கள். ஜி.பி.எஸ். உடுப்பு வாங்க வசதி இல்லை. வார்ம் அப்புக்கும் நேரம் போதவில்லை. (மஞ்சக்குப்பம்)

இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசனைத் தந்த ஊர் கடலூர். இங்கே பெண்கள் கால்பந்து சின்ன விஷயம் இல்லை. அதனால் வார்ம் அப்பிலிருந்து தொடங்குகிறோம். முழங்கால் ஜவ்வுக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. ஃபிஃபா 11+ என்ற வார்ம் அப் முறை இப்படிப்பட்ட கால்பந்துக் காயங்களைக் குறைக்க உருவானது: 8 நிமிடம் ஓட்டம், 10 நிமிடம் பலம், குதித்தல், சமநிலை, 2 நிமிடம் வேக ஓட்டம். மொத்தம் 15 பயிற்சி, 20 நிமிடம், வாரம் இரண்டு முறையாவது. மைதானம் கிடைக்கும் நேரம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது இதுதான், ஏனென்றால் செய்யாவிட்டால் அன்று ஒன்றும் ஆகாது. ஓட்டப் பகுதி தவிர மற்றதை மைதானத்துக்கு வெளியே, வராந்தாவில்கூடச் செய்யலாம். கேப்டன் நடத்தட்டும், முடிந்தது என்று கேப்டன் குறித்த பிறகே பந்துப் பை திறக்கட்டும்.

பளுவுக்குச் செலவே இல்லாத வழி இருக்கிறது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒவ்வொருவரும் எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்ல வேண்டும். அதைப் பயிற்சி நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிடம், கடினம் 6 என்றால் 540. வாரக் கூட்டலைப் பாருங்கள். வழக்கமாக 1800 வருகிறவருக்கு ஒரு வாரம் 2900 வந்தால் அடுத்த வாரம் இறக்குங்கள். இந்த வாரத்தைப் போன நான்கு வாரச் சராசரியால் வகுத்து, இந்த எண்ணுக்கு மேல் போனால் காயம் நிச்சயம் என்று சொல்லும் சூத்திரங்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவற்றை ஆய்வாளர்களே கடுமையாகக் குறை சொல்லியிருக்கிறார்கள்.

எண் கெட்டுப்போக ஒரே நாள் போதும். 8 போட்ட பெண்ணை “உனக்கு மட்டும் கஷ்டமா?” என்று கோச் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டால், மறுநாளிலிருந்து எல்லோரும் 5 போடுவார்கள். குரூப்பில் கேட்காமல் தனித்தனியே வாங்குங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. அகாடமியில் அவளுடைய ஸ்கேன், மாதவிடாய்த் தேதி எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்கிறார்கள். கேள்வி கேட்டால் அணியில் எடுக்க மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. (கடலூர்)

அம்மா, போட வேண்டாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே வைக்கிறது; அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டத்தை விட்டாலும், நல்ல செயல்முறைக்கு இந்தத் தகவல் தேவையே இல்லை. கோச்சுக்கு வேண்டியது உங்கள் மகள் இன்று முழுப் பயிற்சியா, அளவான பயிற்சியா என்ற ஒரு சொல். ஸ்கேன் டாக்டருக்கும் பிசியோவுக்கும் மட்டும். மாதவிடாய்க் குறிப்பு அவளிடமும், அவள் விரும்பினால் பெண் பிசியோ அல்லது டாக்டரிடமும்.

அகாடமியிடம் எழுத்தில் இப்படிக் கேளுங்கள்: “எந்தத் தகவலை யார் பார்ப்பார்கள், எத்தனை காலம் வைத்திருப்பீர்கள், அவள் விலகினால் யார் அழிப்பார்கள்?” ஒழுங்காக நடத்தும் இடத்தில் இதற்குப் பதில் ஏற்கெனவே எழுதி இருக்கும். அகாடமி நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், பெற்றோர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: ஒப்பந்தம் போட்டும் சம்பளம் தள்ளித் தள்ளி வருகிறது. (முதலியார்பேட்டை)

நீங்கள் தொழில்முறைக் கால்பந்து வீரரானால் ஃபிஃபா விதியில் தெளிவான படி உண்டு. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் சட்டத்துக்குப் புறம்பாக நிலுவையில் இருந்தால், கிளப்புக்கு எழுத்தில் அறிவித்து, முழுவதையும் தீர்க்கக் குறைந்தது 15 நாள் கெடு கொடுங்கள். அதற்குள் தரவில்லை என்றால் ஒப்பந்தத்தை நியாயமான காரணத்தோடு முறிக்கலாம். நோட்டீஸ் கொடுக்காமல் கிளம்பிப் போனால் குற்றம் உங்கள் மேல் திரும்பும். மற்ற விளையாட்டுகளில் ஒப்பந்தத்தில் எழுதியதுதான், ஆகவே கையெழுத்துக்கு முன் கெடு, நோட்டீஸ் நாள், தகராறு எங்கே தீரும் என்ற மூன்றும் இருக்கிறதா பாருங்கள். கிளப் பக்கத்தில் இது வெறும் ஒப்புதல் தாமதம் என்றால், சம்பளத் தேதிக்கு ஏழு நாள் முன்னால் காசோலைக்கு யார் கையெழுத்து, அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்று எழுதிவைத்தாலே பாதி தீரும்.

கேள்வி: மே மாதம் பயிற்சியில் ஒரு பையன் மயங்கி விழுந்தான். ஆட்டோ தேடவே இருபது நிமிடம் ஆகிவிட்டது. நல்ல வேளை பிழைத்தான். இதற்கு என்ன செயல்முறை? (பாகூர்)

இதில் யாரும் யோசிக்கவே கூடாது; ‘இதுவா அதுவா’ என்று பிரியும் வைரக் கட்டமே இல்லாத படம் இது ஒன்றுதான். வெயிலில் ஓடிய வீரர் தடுமாறினால், பேச்சு குழறினால், விழுந்தால் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சும் நாடியும் இருக்கிறதா என்று பார்த்தவுடன் முதலில் குளிர்விப்பது, அதற்குப் பிறகுதான் ஏற்றிச் செல்வது. கழுத்து வரை ஐஸ் தண்ணீரில் இறக்கி, ஒருவர் அக்குளுக்கு அடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் 30 நிமிடத்துக்குள் உடல் சூட்டை இறக்கிவிட்டால் உயிர் தங்கும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். கூட்டல் குறி போடும் இடம் இது. யார் இறக்குவது, யார் அழைப்பது, யார் வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டுவது என்று பயிற்சி தொடங்கும் முன்பே பெயர் சொல்லியிருக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தேவை ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், ஐஸ். மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் ஐஸ் கட்டிக்குப் பஞ்சமில்லை. காலையிலேயே வாங்கி உடைத்து, தெர்மாகோல் பெட்டியில் போட்டு வைத்துவிடுங்கள். பெட்டி மைதானத்துக்கு வந்த பிறகே பயிற்சி தொடங்க வேண்டும்.

தினசரிக்கு ஒரு தராசு. பயிற்சிக்கு முன் 72.4 கிலோ, பின் 70.9 என்றால் ஒன்றரை கிலோ போயிருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதம். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் கணக்கில் இரண்டேகால் லிட்டரை அடுத்த சில மணி நேரத்தில், உப்புச் சேர்த்த மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். மறுநாள் காலையும் எடை திரும்பவில்லை என்றால் அன்று அளவான பயிற்சி. நம் கடற்கரையில் காற்றின் ஈரத்தால் வேர்வை உலராது, உடம்பும் ஆறாது. தெர்மாமீட்டர் 35 காட்டுகிறதே, சமாளிக்கலாம் என்று தொடங்கிவிடாதீர்கள்.

கேள்வி: பொறியியல் படிக்கிறேன். ஓர் அணியின் காயப் பதிவுகளில் பிராசஸ் மைனிங் செய்து புராஜெக்ட் பண்ணலாமா? (காலாப்பட்டு)

பண்ணலாம். வேலை உண்மையில் எந்த வரிசையில் நடந்தது என்று பதிவுகளிலிருந்தே மென்பொருளால் கண்டுபிடிப்பதுதான் பிராசஸ் மைனிங். அதற்குக் குறைந்தது மூன்று நெடுவரிசை வேண்டும்: எந்தக் காயம் என்ற எண், என்ன வேலை நடந்தது, எந்தத் தேதி எத்தனை மணிக்கு. அணிகளிடம் பெரும்பாலும் மூன்றாவது சரியாக இருக்காது. வாரக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதியிருப்பார்கள், எல்லா வேலையும் ஞாயிறு இரவு 9 மணிக்கு நடந்ததாக மென்பொருள் காட்டும். அதனால் ஒரு சீசன் உடனிருந்து நேரத்தை நீங்களே குறியுங்கள். முப்பது காயங்களுக்கு மென்பொருள் தேவையில்லை, கையால் வரைந்தாலே தெரியும். வீரர் பெயர்களை எடுத்துவிட்டு எண் மட்டும் வையுங்கள்.

இதோடு லிட்டில் விதியையும் போட்டுப் பாருங்கள்: புதிதாக வருகிறவர் எண்ணிக்கையை ஒவ்வொருவரும் தங்கும் காலத்தால் பெருக்கினால், எந்த நேரத்திலும் உள்ளே இருப்பவர் எண்ணிக்கை கிடைக்கும் என்பதே அது. மாதம் 4 புதுக் காயம், ஒவ்வொன்றும் சராசரி ஒன்றரை மாதம் என்றால், எந்த நாளில் பார்த்தாலும் 6 பேர் வெளியே இருப்பார்கள். 22 பேர் அணி நடைமுறையில் 16 பேர் அணி. தசை ஆறும் காலத்தை நீங்கள் குறைக்க முடியாது. ஆனால் அந்த ஒன்றரை மாதத்தில் பத்து நாள் வெறும் காத்திருப்பு என்று உங்கள் பதிவு காட்டி, அதை அணி நீக்கிவிட்டால், ஒன்றரை மாதம் 35 நாளாகும். அப்போது வெளியே இருப்பவர் 6-லிருந்து கிட்டத்தட்ட 5-க்கு வருவார்கள். ஒரு வீரரைப் புதிதாக எடுக்காமலே ஒரு வீரர் கூடுகிறார். அந்தக் கணக்கை அணி நிர்வாகத்திடம் காட்டினால், அடுத்த சீசனுக்கும் பதிவு எடுக்க உங்களை அவர்களே கூப்பிடுவார்கள்.